எலும்புப்புரைக்கு இயற்கை மருந்து: வலி தணிவதும் எலும்பு வலுப்பெறுவதும் ஒன்றா?

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் முதுகுவலி என்று சொன்னால் அக்கம்பக்கத்தார் வாயிலிருந்து முதலில் வருவன பிரண்டை, முடக்கத்தான், அமுக்கரா, சங்கு பற்பம் ஆகிய பெயர்களே. இப்போது அவற்றோடு கைப்பேசி விளம்பரங்களும் சேர்ந்துவிட்டன. எலும்பை இரும்பாக்கும் லேகியம் என்றும், உங்கள் உடல்வாகுக்கென்றே தயாரித்த பொடி என்றும் அவை சொல்வதைப் பார்க்கும் குடும்பங்களுக்கு மூன்று ஐயங்கள் எழுகின்றன. இம்மருந்துகள் எலும்பை உண்மையிலேயே வலுப்படுத்துமா? ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளோடு இவற்றைச் சேர்க்கலாமா? ஆளுக்கு ஏற்ற மருந்து என்பது எதைக் குறிக்கிறது? இவற்றுக்கு விடை காண, எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எலும்பு எப்படி மெலிகிறது

எலும்பு ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடும் பொருள் அன்று. பனையோலைக் கூரையில் மக்கிய ஓலையை உருவிவிட்டுப் புது ஓலை வேய்வதுபோல, பழைய எலும்பை அரித்தெடுக்கும் ஒருவகைச் செல்களும் அவ்விடத்தில் புது எலும்பைக் கட்டும் வேறுவகைச் செல்களும் உயிருள்ளவரை வேலை செய்துகொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ முப்பது வயது வரை கட்டுமானம் முந்துகிறது. அதன்பின் அரிப்பு மெல்ல மெல்ல முந்தத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்துவிடுவதால் அரிக்கும் செல்களுக்கு இருந்த கட்டுப்பாடு தளர்ந்து, அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பில் 20 சதவீதம் வரைகூட இழப்பு நேரலாம். இவ்வாறு உள்ளே துளைகள் பெருகி, சிறு அதிர்ச்சிக்கும் முறியும் நிலையை எலும்பு அடைவதுதான் எலும்புப்புரை.

இதை அளக்க டெக்ஸா ஸ்கேன் பயன்படுகிறது. இளம் வயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதை டி ஸ்கோர் என்ற எண் காட்டும். உலக சுகாதார அமைப்பு 1994-இல் வகுத்த வரையறையின்படி, இந்த எண் −1 முதல் −2.5 வரை இருந்தால் எலும்பு மெலிவு; −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. ஸ்கேன் வசதி எட்டாதவர்களுக்கு, வயது, எடை, முந்தைய எலும்பு முறிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு பயன்பாடு போன்ற விவரங்களைக் கொண்டே அடுத்த பத்தாண்டுகளில் முறிவு நேரும் வாய்ப்பைக் கணக்கிடும் ஃபிராக்ஸ் என்ற முறை 2008 முதல் இருக்கிறது. இதற்கு இந்தியர்களுக்கான கணக்கீடும் உண்டு.

எலும்புப்புரை வலிக்காது

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்: எலும்புப்புரைக்குத் தனியாக வலி கிடையாது. எலும்பு முறியும் வரை அது ஓசையின்றி வளரும். முறிந்த பிறகுதான் வலி, கூன், உயரக் குறைவு ஆகியன தோன்றுகின்றன. இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மணிக்கட்டு ஆகிய மூன்றும் அதிகம் முறிபவை. முதுகெலும்பு முறிவதற்குக் கீழே விழக்கூட வேண்டியதில்லை; குனிந்து கனமான குடத்தைத் தூக்குவதும், பள்ளத்தில் வண்டி குலுங்குவதும் போதும்.

ஆகவே, எலும்புப்புரைக்கு மருந்து என்று கேட்டு வருபவர்களில் பலருக்கு இருக்கும் வலி வேறு நோயினுடையது. காலையில் எழுந்ததும் விறைத்து, படி ஏறும்போது வலிக்கும் முழங்கால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். அங்கே கெடுவது மூட்டின் குருத்தெலும்பு. காலுக்குள் மின்னல்போல் இறங்கும் வலி நரம்பு அழுத்தத்தால் வரலாம். காய்ச்சல், எடை குறைதல், இரவில் கூடும் வலி ஆகியவற்றோடு வரும் முதுகுவலிக்கு முதுகெலும்புக் காசநோயோ புற்றுநோயோ காரணமாக இருக்கக்கூடும் என்பதால் அங்கே எந்தக் கைவைத்தியத்துக்கும் இடமில்லை.

இதிலிருந்து பிறக்கும் விளைவு பெரிது. ஒரு மூலிகை மூட்டு வலியைத் தணிக்கிறது என்றால், அது எலும்பை வலுப்படுத்திவிட்டது என்று பொருளில்லை. வலி தணிந்த மகிழ்ச்சியில் எலும்பு அடர்த்தியைச் சோதிக்காமலே இருந்துவிடுபவர், இடுப்பெலும்பு முறிந்த அன்றுதான் உண்மையை அறிகிறார். இயற்கை மருந்தால் நேரும் தீங்குகளில் மிகப் பெரியது பெரும்பாலும் அதன் நச்சுத்தன்மை அன்று. அது உண்டாக்கும் இந்தத் தவறான நிம்மதிதான்.

சித்த மருத்துவத்தில் ஆள் பார்த்து மருந்து

ஒரே நோய்க்கு எல்லோருக்கும் ஒரே மருந்து என்பதைச் சித்த மருத்துவம் ஏற்பதில்லை. வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (கபம்) என்னும் மூன்றின் நிலையையும், நோயாளியின் உடல்வாகு, வயது, வாழும் நிலம், பருவம், பசி, மலம், சிறுநீர், நாடி ஆகியவற்றையும் பார்த்தே மருந்தும் அதற்கான துணைமருந்தும் தீர்மானிக்கப்படுகின்றன. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்ற ஏழு உடற்கட்டுகளில் என்பு, அதாவது எலும்பு, ஐந்தாவது. முன்னுள்ள நான்கும் நலிந்தால் ஐந்தாவதும் நலியும் என்ற பார்வையில், என்பைத் தேற்றும் மருந்தோடு செரிமானத்தைச் சீர்செய்யும் மருந்தும் உணவும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

இந்த அணுகுமுறையில் மதிப்புமிக்க ஒன்று இருக்கிறது: மருத்துவர் நோயாளியின் உணவையும் உழைப்பையும் வாழ்க்கையையும் நேரம் கொடுத்துக் கேட்கிறார். ஆனால் கைப்பேசியில் நான்கு கேள்விகளுக்குப் பதில் பெற்றுக்கொண்டு, உங்களுடையது வாத உடல் என்று முடிவுசெய்து, எல்லோருக்கும் அனுப்பும் அதே பொடியை அனுப்பும் வணிகம் இந்த மரபைச் சேர்ந்ததில்லை. மேலும், உடல்வாகு மட்டும் இன்று போதாது. இன்றைய நோயாளி சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றுக்கு மாத்திரைகள் உட்கொள்பவர். அவரது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் சேர்ந்ததுதான் அவரது உடல்நிலை.

ஒவ்வொரு மருந்தாகப் பார்த்தால்

*பிரண்டை.* எலும்புக்கென்று அதிகம் பேசப்படுவதும் அதிகம் ஆராயப்பட்டதும் இதுதான். சூலகங்கள் (கருமுட்டைப் பைகள்) நீக்கப்பட்ட எலிகளில், பிரண்டைச் சாறு எலும்பு இழப்பைக் குறைத்ததாக ஆய்வக முடிவுகள் உள்ளன. முறிந்த எலும்பு கூடுவதற்கு உதவுகிறதா என்று மனிதர்களிடம் சிறு அளவில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எலும்புப்புரை உள்ளவர்களுக்குப் பிரண்டையால் முறிவுகள் குறைந்தன என்று காட்டும் பெரிய மனித ஆய்வு கிடையாது. பிரண்டைக்கு மட்டுமல்ல, வேறெந்த மூலிகைக்கும் கிடையாது. பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நிறைந்திருப்பதால்தான் நாக்கும் தொண்டையும் அரிக்கின்றன. நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்துத் துவையல் அரைக்கும் வழக்கம் அந்த அரிப்பைத் தணிப்பதற்கே. வாரம் ஒன்றிரண்டு முறை துவையலாக உண்பதில் பெரும்பாலோருக்குக் கேடில்லை. அடர்ந்த சாறாகவோ மாத்திரையாகவோ நாள்தோறும் எடுப்பது வேறு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

*சங்கு பற்பமும் அதன் இனங்களும்.* சங்கு, முத்துச்சிப்பி, நத்தை ஓடு, முட்டை ஓடு ஆகியவற்றைப் புடமிட்டு, அதாவது மூடி நெருப்பில் சுட்டு, செய்யும் பற்பங்கள் அடிப்படையில் கால்சியச் சேர்மங்களே. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பு நெடுங்காலத் தொழில் என்பதால் இந்தக் கரையில் சங்கு பற்பத்தின் மேல் தனி நம்பிக்கை உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் இருவேளை எடுத்தால் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம். அது முழுவதும் கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொண்டால் அதில் 40 சதவீதமே கால்சியம். அதாவது 160 மில்லிகிராம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் நாளளவு 1,200 மில்லிகிராம். எனவே பற்பம் துணைநிற்கலாம், ஆனால் தேவையை நிறைவு செய்யாது. பவழ பற்பத்தைப் பொறுத்தவரை வேறொரு செய்தியும் சேர்கிறது: 2001 முதல் பவழப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, கரையில் ஒதுங்கியதை எடுத்து வீட்டிலேயே மருந்து செய்வதும் குற்றமாகும்.

*முடக்கத்தான்.* தோசை மாவிலும் இரசத்திலும் சேர்க்கும் இக்கீரை, வீக்கத்தோடு கூடிய மூட்டு வலிக்கு மரபில் சொல்லப்படுவது. எலும்பின் அடர்த்தியை அது கூட்டும் என்று சொல்ல அடிப்படை இல்லை. உணவாக உண்ணலாம், அதைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம்.

*அமுக்கரா.* தளர்ச்சிக்கும் தூக்கமின்மைக்கும் வழங்கப்படும் இதை எலும்புக்கும் விற்கிறார்கள். தைராய்டு சுரப்பை இது கூட்டக்கூடும். மிகையான தைராய்டு சுரப்பு எலும்பை அரிக்கும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. அமுக்கரா சூரணத்தில் சர்க்கரை சேர்க்கும் வழக்கமும் இருப்பதால் நீரிழிவு உள்ளவர்கள் கேட்டறிந்து வாங்க வேண்டும். லேகியங்களுக்கும் இது பொருந்தும். அவை வெல்லப்பாகில்தான் கிளறப்படுகின்றன.

*கடற்பாசி.* பாம்பன், சின்னப்பாலம், இராமேசுவரம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாக மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியன, உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் அகர், ஆல்ஜினேட் ஆகியவற்றைத் தயாரிக்கும் தொழில்களுக்குப் போகின்றன. தொடக்க காலத்தில் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து இப்போது கொச்சியிலிருந்து இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் கொண்டு எலும்புப்புரைக்கான துணையுணவு ஒன்றைக் கடல்மின் என்ற பெயர்வரிசையில் உருவாக்கியிருக்கிறது. இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுப் பாசியைக் காயவைத்துப் பொடித்து உண்ணத் தொடங்குவது தவறு. ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்துத் தூய்மைப்படுத்திய சாறும் கரையில் காயும் பாசியும் ஒன்றல்ல. பாசியில் அயோடின் மிகுதி. கட்டக்கோரை இனத்தைச் சேர்ந்த சில பாசிகளில் ஆர்சனிக்கும் சேர்ந்திருக்கும்.

மூன்றே நாளில் வலி போக்கும் பொடி

வலி மருந்தென்று பெயரில்லாத பொட்டலங்களில் விற்கப்படும் சில பொடிகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பது பல நாடுகளில் பலமுறை ஆய்வகச் சோதனையில் தெரியவந்துள்ளது. ஆண்டுக்கணக்கான வலி இரண்டு மூன்று நாட்களில் மாயமாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கொடுமை என்னவென்றால், எலும்பை அரிக்கும் மருந்துகளில் ஸ்டீராய்டுதான் முதன்மையானது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற சிறிய அளவுகூட மூன்று மாதங்களுக்குள் முறிவு அபாயத்தை உயர்த்தத் தொடங்கும். எலும்புக்கென்று நம்பி உண்ட பொடியே எலும்பைத் தின்னும்.

முகம் உப்புவது, பசி மிகுவது, சர்க்கரை திடீரென ஏறுவது, இலேசாக இடித்தாலும் தோல் கன்றுவது, ஒரு நாள் விட்டாலே வலி இருமடங்காகத் திரும்புவது ஆகியன ஐயப்பட வேண்டிய அறிகுறிகள். இவை தெரிந்தால் பொடியைத் தாமாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடல் தன் இயல்பான ஸ்டீராய்டு சுரப்பை நிறுத்தியிருந்தால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

உலோகக் கலப்பும் இதே அளவு கவனத்துக்குரியது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உடலில் சேரும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் தங்குகிறது; எலும்பு கரையும் வயதில் அது மீண்டும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், மூலப்பொருள் பட்டியல், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்படாத எதையும் வாங்க வேண்டாம் என்று வலியுறுத்துவது இதனால்தான். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் மருந்து இலவசமாகவே கிடைக்கும்போது பொட்டலப் பொடியின் பின்னால் போகத் தேவையில்லை.

ஆளுக்கு ஏற்றபடி தீர்மானிக்கும் வரிசை

1. வலியின் மூலத்தை முதலில் கண்டறிய வேண்டும். அறுபதைக் கடந்தவருக்குத் திடீரென நடுமுதுகில் கடும் வலி வந்தால் எக்ஸ்ரே எடுக்கும்வரை எண்ணெய் தேய்ப்பதோ நீவுவதோ கூடாது. கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2. முறிவு அபாயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறிவு நேர்ந்தவர், அல்லது டி ஸ்கோர் −2.5-க்குக் கீழே உள்ளவர், மூலிகையை மட்டும் நம்பியிருப்பதை எந்தக் காரணம் கொண்டும் ஆதரிக்க முடியாது. எலும்பு அரிப்பைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் போன்ற மருந்துகள் முதுகெலும்பு முறிவுகளை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கின்றன; அந்த அளவுக்கு நிறுவப்பட்ட பலன் வேறு வழியில் இல்லை. மெலிவு நிலையில் மட்டும் இருப்பவருக்கு உணவு, உடற்பயிற்சி, வைட்டமின் டி ஆகியவையே போதுமானதாக இருக்கலாம். அங்கே மூலிகைக்கும் இடமிருக்கிறது.

3. உள்ள நோய்களையும் உட்கொள்ளும் மாத்திரைகளையும் பட்டியலிட வேண்டும். மூன்று மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். பாசி எடுக்கும் தொழிலில் உள்ள, இரத்த அழுத்தத்துக்குத் தையசைடு வகை நீர்மாத்திரை உட்கொள்ளும் பெண்ணுக்கு, அம்மாத்திரையே சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கிறது. அதற்குமேல் பற்பமும் கால்சிய மாத்திரையும் வைட்டமின் டி ஊசியும் சேர்ந்தால் இரத்தத்தில் கால்சியம் அளவு மீறலாம். அவருக்கு அதிமதுரம் சேர்ந்த மருந்தும் ஆகாது. அது அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். அடுத்து, நீரிழிவும் தைராய்டு குறைவும் உள்ள எழுபது வயதுப் பெண்: அவர் உட்கொள்வது பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை என்றால் அதுவே எலும்பு முறிவைக் கூட்டும் மருந்து என்பதால் மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும், தைராய்டு மாத்திரைக்கும் பற்பத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்றாமவர், நெடுங்காலம் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்ட முன்னாள் மீனவர். எலும்புப்புரை பெண்களின் நோய் என்று கருதி ஆண்களைச் சோதிக்காமல் விடுவது வழக்கமாகிவிட்டது. இவரைப் போன்றவர்களைத்தான் முதலில் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

4. நேரத்தை வகுக்க வேண்டும். அலென்ட்ரோனேட் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் எதையும் உண்ணாமலும் இருக்க வேண்டிய மாத்திரை. அந்த நேரத்தில் பாலில் குழைத்த சங்கு பற்பம் எடுத்தால் மாத்திரை உடலில் சேராது. வயிற்றுப் புண்ணுக்கு ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் ஆகியவற்றைத் தொடர்ந்து எடுப்பவருக்கு அமிலம் குறைந்துவிடுவதால் கார்பனேட் வகைக் கால்சியம் சரியாகச் செரிக்காது, பற்பமும் அவ்வகையே.

5. இரு மருத்துவர்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சித்த மருந்து எடுப்பதை ஆங்கில மருத்துவரிடம் மறைப்பது நம்மிடையே பரவலாக இருக்கிறது. திட்டுவார்கள் என்ற அச்சமே காரணம். ஆனால் எலும்பு அரிப்பை அடக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை, மூலிகை தொடங்கிவிட்டோம் என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினால், அடங்கியிருந்த எலும்பு அரிப்பு வேகத்தோடு திரும்பி, அடுத்தடுத்து முதுகெலும்புகள் முறியக்கூடும்.

கரையில் கிடைக்கும் உணவு

மருந்தைவிட உறுதியான பலன் தரக்கூடியது இங்கேயே மலிவாகக் கிடைக்கிறது. சீலா, பாறை போன்ற பெரிய மீன்களின் சதையில் புரதம் உண்டு, கால்சியம் குறைவு. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் சிறு சாளையும்தான் கால்சியம் தருபவை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவிலும், முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேலும் கால்சியம் இருக்கிறது. எள்ளில் அதைவிடப் பன்மடங்கு. புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீரிலும் கால்சியம் சேர்ந்துவருகிறது; நீரிழிவு இல்லாதவர்கள் பருவத்தில் அருந்தலாம். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுக்கும் வழக்கம் எலும்பு மிக வேகமாகக் கட்டப்படும் வயதோடு பொருந்துகிறது என்பதும் நினைக்கத்தக்கது. எதிர்த்திசையில் இழுப்பது உப்பு: சிறுநீரில் உப்பு வெளியேறும்போது கால்சியத்தையும் இழுத்துச் செல்கிறது. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து அலசிய பின் சமைப்பது எலும்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சேர்த்தே நல்லது.

வெயிலுக்குக் குறைவில்லாத இக்கரையிலும் வைட்டமின் டி குறைபாடு இருக்கத்தான் செய்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்கும், உடல் முழுவதும் மூடி வெளியே செல்பவர்களுக்கும் வெயில் தோலில் படுவதில்லை. வயது ஏற ஏறத் தோலின் தயாரிப்புத் திறனும் குறைகிறது. இரத்தப் பரிசோதனையில் அளவு தெரிந்த பின்னரே மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

தொக்கணமும் எண்ணெயும்

சதை இறுக்கத்தால் வரும் வலிக்கு உளுந்துத் தைலம் போன்றவற்றை இளஞ்சூடாகத் தடவுவது இதம் தரும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எலும்புப்புரை உள்ளவரின் முதுகில் முழங்கையால் அழுத்துவதும், முதுகை மிதிப்பதும், சொடுக்கு எடுப்பதும் முறிவை உண்டாக்கக்கூடிய செயல்கள். தொக்கணம், அதாவது உடலை அழுத்திப் பிடித்துவிடும் சித்த முறை, செய்பவரிடம் தம் நோயை முன்கூட்டியே சொல்வது நோயாளியின் கடமை. கேட்டறிவது செய்பவரின் கடமை.

பலன் தெரிவது எப்படி

வலி குறைந்ததா என்பதை வைத்து எலும்பின் நிலையைச் சொல்ல முடியாது என்பதால், தொடங்கிய சிகிச்சை எதுவானாலும் ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே இயந்திரத்தில் டெக்ஸா ஸ்கேனை மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. செருப்பின்றிச் சுவரோடு குதிகாலும் முதுகும் ஒட்ட நிற்கவைத்து, தலை உச்சியில் தட்டையான பலகையை வைத்து, அந்த இடத்தில் பென்சிலால் கோடிட்டு நாளையும் எழுதிவைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காலை வேளையில், அதே இடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், வலி துளியும் இல்லாவிட்டாலும், முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.